சொல்லடைவுப் பணிக்கு மேகக் கணிமைத் தரவுக்களம் அமைத்தல்

சொல்லடைவு தொகுத்தல் தமிழாராய்ச்சிக்குப் புதிய பணியன்று. வ. அய். சுப்பிரமணியம் அவர்கள் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவும், புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழிலக்கியச் சொல்லடைவும் இன்றும் நம் மேசையை விட்டு நீங்காதவை. அவற்றைத் தொகுத்தோர், இஃது ஒரு சொல்லோ இரு சொல்லோ, முன்னர் வந்த சொல்லோ வேறோ என ஆராய்ந்து தாமே துணிந்தனர். பிழை நேரின் அது தொகுத்தோர் பிழை. அதனைச் சுட்டவும் மறுக்கவும் பின்வந்தோர்க்கு இடம் உண்டு.

இன்று அப்பணியைக் கணினி சில நொடிகளில் முடித்துத் தருகின்றது. ஆயின், எது சொல், எவ்விரண்டு வடிவம் ஒரே சொல், எது முன் எது பின் என்னும் துணிபுகள் அதனால் மறைந்துவிடவில்லை. அவை தரவுக்களத்தை அமைக்கும் முதல் நாளிலேயே செய்யப்பட்டு விடுகின்றன. பல வேளை தமிழறியாத ஒருவரால், சில வேளை எவரும் எண்ணிப் பாராமலே. களம் அமைத்தல் பொறியாளர் தொழில், அதனுட் புகுந்து ஆராய்தலே நம் தொழில் என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளிற் பரவியுள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது, களம் அமைத்தலே பதிப்பாசிரியர் பணியின் முதற்கூறு என்பது இக்கட்டுரையின் கருத்து.

எம்மிடம் ஆராய்ச்சி மேற்கொண்ட மாணவர் ஒருவர், கொடை பற்றிய சொற்களின் பயிற்சியை நூல்தோறும் எண்ணி வந்தார். ஒரு நூலில் மட்டும் 'கொடு', 'கொடை', 'கொடுத்தல்' முதலியன இல்லையென்றே சொல்லுமளவிற்குக் குறைந்திருந்தன. அதற்கு அவர் ஓர் அழகிய விளக்கமும் எழுதியிருந்தார்: அந்நூலாசிரியர் கொடையை வெளிப்படக் கூறாது குறிப்பாற் கூறும் இயல்பினர் என்பது. அச்சுநூலை எடுத்துப் புரட்டியபோது அச்சொற்கள் பக்கந்தோறும் கிடந்தன. கணினி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே தந்தது. பிழை வேறோரிடத்தில் இருந்தது. அதன் காரணத்தை எழுத்துக் குறியீடு பற்றிய பகுதியிற் காண்போம்.

களமும் அதன் உறுப்புகளும்

வலைப்பின்னலை வரைபடமாக எழுதிய பொறியாளர், தம் கட்டடத்திற்கு வெளியேயுள்ள பகுதியை மேக வடிவமாக வரைந்து விடுதல் வழக்கம். அதனின்று பிறந்த பெயரே மேகக் கணிமை. மேகம் என்றமையால் அதற்கு இடமில்லை என்று கருதலாகாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அசூர் 2015-இல் இந்தியாவில் நிறுவிய மூன்று மையங்கள் புணே, சென்னை, மும்பை ஆகிய ஊர்களில் உள்ளன. நாம் ஏற்றும் நூல் அவற்றுள் ஒன்றன் வட்டுகளிற்றான் தங்கும். எந்த மையம் என்பதைக் களத்தைத் திறக்கும்போதே தேர்ந்து கூறவேண்டும். பின்னர் அதனை எளிதில் மாற்ற இயலாது. வேறு மையத்திற் புதிய களம் அமைத்து யாவற்றையும் பெயர்த்தெடுத்துச் செல்லவேண்டி வரும்.

எடுத்துக்காட்டாக ஈண்டு யாம் கொள்வது டேட்டாபிரிக்ஸ் என்னும் தரவுத்தளத்தை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆய்வுக்கூடமொன்றில் 2009-இல் தொடங்கிய ஸ்பார்க் என்னும் கணிப்பு முறையை ஆக்கியோர் 2013-இல் நிறுவியது இந்நிறுவனம். வேறு தளங்களும் உள. உறுப்புகளின் பெயர் மாறினும் பணி பெரிதும் ஒன்றே. நூல்கள் தங்கும் சேமிப்பகம் ஒன்று. கேட்ட கணக்கைச் செய்யும் கணினிக் குழு ஒன்று. ஆராய்வோர் தம் கட்டளைகளையும் விளக்கங்களையும் ஒருங்கே எழுதும் குறிப்பேடு ஒன்று. எது எங்குள்ளது, யார் அதனைத் தொடலாம் என்பதைக் காக்கும் அட்டவணைப் பதிவகம் ஒன்று. இந்நான்கும் சேர்ந்த அறையையே பணிக்களம் என்கின்றனர். சேமிப்பகமும் கணினிக் குழுவும் தனித்தனியே இருத்தல் இம்முறையின் சிறப்பு. கணக்கு இல்லாதபோது கணினிக் குழுவை அணைத்துவிடலாம், நூல் அழியாது.

இத்துணைப் பெரிய ஏற்பாடு வேண்டுமோ எனின், பாட்டும் தொகையும் மட்டும் ஆராய்வார்க்கு வேண்டா என்பதே நேர்மையான விடை. 2381 பாடல்களும் கணினிக் கணக்கிற் சில மெகாபைட்டு அளவே ஆகும். மேசைமீதுள்ள ஒரு கணினி போதும். ஏட்டுச்சுவடிகளின் ஒளிப்படங்கள், கல்வெட்டுப் படிகள், நாளிதழ்த் தொகுதிகள், வட்டார வழக்கின் ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைப் பல ஊரிலுள்ள பலர் ஒரே காலத்தில் ஆராயப் புகுங்காலத்துத்தான் இக்களம் பயன்படும். சிறிய பணிக்குப் பெரிய களம் அமைத்துத் துறையின் பொருளை இழத்தல் இன்று காணப்படும் ஒரு குறை.

பதிவகத்திலே ஒவ்வோர் அட்டவணைக்கும் மூன்றடுக்குப் பெயர் உண்டு: தொகுப்பின் பெயர், அதனுள் பிரிவின் பெயர், அதனுள் அட்டவணையின் பெயர். சங்க நூல்கள் என்னும் தொகுப்பு, அதனுட் புறநானூறு என்னும் பிரிவு, அதனுட் பாடம் என்னும் அட்டவணை என்று கொள்க. இப்பெயர்களை முதலில் எண்ணி இடவேண்டும். 'புதியது', 'புதியது இரண்டு', 'இறுதி', 'உண்மையான இறுதி' எனப் பெயரிட்ட அட்டவணைகளை யாம் பல களங்களிற் கண்டுள்ளோம். அவற்றுள் எது நம்பத்தக்கது என்பதை அமைத்தவரே ஓராண்டிற்குப் பின் அறியார்.

மூவகைப் படிகள்

தரவை வெண்கலம், வெள்ளி, பொன் என மூன்று நிலையில் வைத்தல் இத்தளத்தார் பரிந்துரைக்கும் முறை. வந்தது வந்தவாறே கிடக்கும் நிலை வெண்கலம். குறை களைந்து ஒழுங்கு செய்த நிலை வெள்ளி. பயன்படுத்துவோர் கைக்குத் தரும் நிலை பொன். வணிகக் கணக்கிற்கென எழுந்த இம்முறை நமக்குப் புதுமையாகத் தோன்ற வேண்டுவதில்லை. ஏட்டைக் கண்டவாறே பெயர்த்தெழுதிய படி, பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்திய படி, அச்சிற்குச் சென்ற படி என மூன்றனையும் வேறுவேறாக வைத்தல் நல்ல பதிப்பாசிரியர் மரபே. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஏடு தேடி ஒப்புநோக்கிய உழைப்பை அறியாதார் இலர். பாடவேறுபாடுகள் அடிக்குறிப்பிற் காக்கப்பட்டமையால், அவர் கொண்ட பாடத்தை ஏலாதாரும் அவர் பதிப்பைக் கொண்டே மறுக்க முடிகின்றது.

ஆகவே விதி ஒன்றே: வெண்கல நிலையில் எவரும் கைவைத்தல் கூடாது. தட்டெழுதியவர் செய்த வெளிப்படையான பிழையாயினும் அங்குத் திருத்தலாகாது. திருத்தம் வெள்ளி நிலையில், திருத்தியவர் பெயரோடும் காரணத்தோடும் தனி நிரலில் ஏறவேண்டும். இதனைச் சொல்லளவில் விடாது பதிவகத்தின் உரிமை அமைப்பிலேயே ஏற்றிவிடலாம். வெண்கல நிலை அட்டவணைகளைப் படிக்கும் உரிமை யாவர்க்கும், எழுதும் உரிமை ஏற்றுவார் ஒருவர்க்கும் எனத் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டால், பின்னர் எவரும் மறந்தும் பிழை செய்யார்.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் உண்டு. இத்தளத்தின் அட்டவணைகள் டெல்ட்டா என்னும் அமைப்பிற் சேமிக்கப்படுவன. அவ்வமைப்பு ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்டு வைப்பதாகலின், நேற்றைய நிலையையும் சென்ற வாரத்து நிலையையும் திரும்பக் காணலாம். இதனைக் கண்டு மகிழ்ந்த சிலர், பாடவேறுபாட்டிற்கெனத் தனி நிரல் எதற்கு, பழைய நிலை எப்போதும் கிடைக்குமன்றோ என்பர். கிடையாது. பயனற்ற பழைய கோப்புகளை நீக்கும் துப்புரவுக் கட்டளை ஒன்று உண்டு. இயல்பான அமைப்பில் அது 7 நாட்களுக்கு முற்பட்ட, இப்போதைய நிலைக்கு வேண்டாத கோப்புகளைத் துடைத்துவிடும். சில அமைப்புகளில் அக்கட்டளை கேளாமலே இயங்கும். மாற்றங்களின் பதிவும் இயல்பாக 30 நாள் அளவே காக்கப்படும். இவ்வெல்லைகளை நீட்டிக்கொள்ளலாம் எனினும், கைதவறி அழித்ததை மீட்க ஏற்பட்ட வசதியை ஆவணக்காப்பு எனக் கருதலாகாது. பாடவேறுபாடு என்பது அழியத்தக்க பழைய நிலையன்று. அதுவும் ஒரு பாடம். அதற்குரிய இடம் அட்டவணையின் உள்ளே.

எழுத்துக் குறியீடு

இனி, மேற்கூறிய மாணவரின் கணக்குப் பிழைத்த காரணத்தைக் காண்போம்.

யூனிகோடு என்னும் பொதுக்குறியீட்டில் தமிழுக்கு 1991-இல் முதற்பதிப்பிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. இந்தியமொழிகள் யாவற்றையும் ஒரே வாய்பாட்டில் அடக்கிய இஸ்கி என்னும் குறியீட்டை அடியொற்றி எழுந்தமையால், அதில் உயிர்மெய் தனிக்குறி பெறவில்லை. அகரமேறிய மெய்க்கு ஒரு குறியும் அதனை அடுத்துவரும் உயிர்க்குறிக்கு ஒரு குறியும் கொடுக்கப்பட்டன. புள்ளியும் தனிக்குறியே. எனவே 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்குத் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறி. வட்டிற் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு குறிக்கு மூன்று பைட்டாகப் பதினைந்து பைட்டு. சொல்லின் நீளம் யாது என்று எஸ்.க்யூ.எல். மொழியிற் கேட்டால், கேட்கும் கட்டளைக்கேற்ப 5 என்றும் 15 என்றும் விடை வரும். 3 என்று எக்காலும் வாராது. கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீக்கிப் பதினாறெழுத்தும் நிரையசையில் தொடங்கின் பதினேழெழுத்தும் பெறும் என்பதைக் கணினிகொண்டு சரிபார்க்கப் புகுந்தார், நீளம் கேட்கும் கட்டளையை நம்பின் ஓரடியும் தேறாது. உயிரையும், புள்ளி தொடராத மெய்க்குறியையும் மட்டும் எண்ணும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் களத்திற் பொதுவாக வைத்துவிட்டால் அத்தொல்லை தீரும்.

இனி ஒகரக்குறியைக் கொள்க. கொகரத்தை இருவகையில் எழுதலாம். ககரக்குறியை அடுத்து ஒகரத்திற்கென உள்ள ஒரே குறியை வைப்பது ஒரு வகை. ககரத்தை அடுத்து எகரக்குறியாகிய கொம்பையும், பின்னர் ஆகாரக்குறியாகிய காலையும் வைப்பது மற்றொரு வகை. இரண்டும் ஒன்றே என யூனிகோடு விதி கூறுகின்றது. திரையில் இரண்டும் மயிரிழையும் வேறுபாடின்றி ஒன்றாகவே தோன்றும். ஆயின் ஒப்புநோக்கும் கணினி குறிகளை மட்டுமே காண்பதாகலின், முன்னதைத் தேடுவார்க்குப் பின்னது அகப்படாது. தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் தட்டெழுதப்பட்ட நூல்கள் பல, தஸ்கி, டாப், டாம் முதலிய பழைய குறியீடுகளில் உள்ளன. அவற்றிற் கொம்பு மெய்க்கு முன்னும் கால் மெய்க்குப் பின்னுமாகக் கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே எழுத்துக் கிடக்கும். அவற்றை யூனிகோட்டிற்கு மாற்றும் நிரல் கொம்பைப் பின்னே தள்ளி அவ்வளவில் நின்றுவிட்டால், கொம்பும் காலும் பிரிந்தே கிடக்கும். அம்மாணவர் எண்ணிய நூல் அவ்வாறு மாற்றப்பட்டது. அந்நூலிற் 'கொடு' இல்லாமற் போகவில்லை. வேறு குறிக்கோவையில் ஒளிந்திருந்தது. சொற்பட்டியலிலும் அஃது அகப்படவில்லை. ஏனெனில் குறியெண் வரிசையில் ஒற்றைக்குறியுடைய 'கொடு' கைகாரச் சொற்களுக்குப் பின் நிற்க, இரட்டைக்குறியுடைய 'கொடு' கெகரச் சொற்களின் இறுதியில் நின்றது. இரண்டனையும் ஒருங்கே காண்பார் இலர்.

பதிப்பு வரலாற்றை அறிந்தார்க்கு இஃது ஒரு பழைய சிக்கலின் மறுபுறமாகத் தோன்றும். ஏட்டிற் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஓருருவாய் நின்றன. ஆங்கு ஓர் உருவம் பல எழுத்துக்கு நின்றது. எதுவென்று துணிந்தவர் பதிப்பாசிரியர். ஈண்டு ஓரெழுத்துக்குப் பல குறிக்கோவை நிற்கின்றன; ஒன்றென்று துணிய வேண்டியவரும் அவரே. வேறுபாடு என்னெனின், ஏட்டின் மயக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது.

இதற்கு மருந்து உண்டு. ஒத்த குறிக்கோவைகளை ஒருமைப்படுத்தும் என்.எஃப்.சி. என்னும் முறையை யூனிகோடு வகுத்துள்ளது. பைத்தான் மொழியில் ஒரு வரியில் அதனை ஏவலாம். வெண்கலத்திலிருந்து வெள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு வரியும் இம்முறையிற் செல்லுமாறு களத்திலேயே அமைத்துவிடவேண்டும். தேடுவார் தட்டெழுதும் சொல்லும் அவ்வாறே ஒருமைப்பட வேண்டும். கண்ணுக்குத் தோன்றாத இணைப்புக்குறிகளும் வெற்றிடக்குறிகளும் வலைப்பக்கங்களிலிருந்து படியெடுத்த நூல்களில் மண்டிக்கிடக்கும். அவற்றை இம்முறை நீக்காது, தனியே நீக்கவேண்டும்.

ஒருமைப்படுத்தும் முறை தீர்க்காத ஓரிடம் உண்டு. தமிழறிவின்றி அவ்விடத்தைக் கடக்க இயலாது. ஔகாரத்தைப் பலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதி விடுகின்றனர். 'ஔவை' என்பது 'ஒளவை' ஆகின்றது. 'கௌதமன்' கொம்பும் ளகரமும் பெற்றுக் 'கெளதமன்' ஆகின்றான். இவை விதிப்படி வேறு எழுத்துகளாகலின் கணினி அவற்றை ஒன்றாக்காது. ஒகரத்தையடுத்த ளகரத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றுக எனக் கட்டளையிடலாமோ? இட்டால் 'ஒளி' கெடும். 'ஒளவை' திருந்தும்போது 'கெளுத்தி' மீன் கௌகாரம் பெற்று எவரும் அறியாத மீனாகிவிடும். சொல்லறிந்து செய்யவேண்டிய திருத்தம் இது. ஐயமுள்ள வடிவங்களை நிரலாற் பிரித்தெடுத்து ஒரு தனி அட்டவணையில் வைத்து, மாணவர் இருவரைக்கொண்டு ஒவ்வொன்றாகத் துணியச் செய்தலே யாம் மேற்கொண்ட வழி. மெல்லச் சென்ற வழிதான். வேறு வழி அறியேம்.

சொல்லின் எல்லை

வரியைச் சொல்லாகப் பிரிப்பது அடுத்த பணி. கணினி நூலகங்கள் இதற்கென ஆயத்தமான கருவிகளை வைத்துள்ளன. அவற்றை அப்படியே ஏற்றல் ஆகாது. பைத்தான் மொழியின் இயல்பான கோவைத்தேடற் கருவியிற் 'சொல்லுக்குரிய எழுத்து' என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. அக்குறியீடு உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஆதலின் 'தமிழ்' என்பதை அதனிடம் கொடுத்தால், இகரக்குறியில் ஒரு வெட்டும் புள்ளியில் ஒரு வெட்டும் பெற்று, 'தம', 'ழ' என இரு துண்டுகளாகத் திரும்பும். சொற்பயிற்சியை எண்ணப் பலரும் கையாளும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் இயல்பான அமைப்பும் இக்குறியீட்டையே நம்பியுள்ளது. அது போதாதென்று ஒற்றைக்குறித் துண்டுகளை எறிந்தும் விடும். முடிவிற் கிடைப்பது 'தம' என்னும் ஒரு சொல். இவ்வாறு பிறந்த சொற்களைக்கொண்டு படமும் வளைகோடும் வரைந்த ஆய்வேடு தமிழ்நூலைப் பற்றியதாகாது. தமிழ்ப் பகுதியின் குறிகள் யாவற்றையும் எழுத்தாகக் கொள்ளும் கோவை ஒன்றை நாமே எழுதிக் களத்தின் பொது நிரலாக வைத்து, பிறர் வேறு கருவி கொள்ளாதவாறு அறிவுறுத்தல் வேண்டும்.

இதுவரை கூறியது இடைவெளி விட்டு அச்சிட்ட வரிக்கு. சந்தி பிரிக்காத செய்யுளில் எங்கே வெட்டுவது என்பது கருவிக்கு அப்பாற்பட்டது. நன்னூலார் கூறும் பொதுமொழியை எண்ணுக: 'எட்டு' எண்ணாகவும் எள்ளும் துவ்வுமாகவும், 'தாமரை' மலராகவும் தாவும் மரையாகவும், 'வேங்கை' மரமாகவும் வேகின்ற கையாகவும் நிற்கும். ஒரு பதிப்பாசிரியர் பிரித்தவாறு மற்றொருவர் பிரியார். ஆகவே பிரிப்பை மூல வரிமேல் எழுதிவிடாமல், பாடல் எண், அடி எண், தொடங்கும் இடம், முடியும் இடம், பிரித்தவர் பெயர் என்னும் நிரல்களையுடைய தனி அட்டவணையாக வைத்தல் தக்கது. ஒரே அடிக்கு இருவர் பிரிப்பும் அருகருகே நிற்கும். எவர் பிரிப்பைக் கொண்டு எண்ணினோம் என்பதை ஆய்வாளர் கூறியே தீரவேண்டும்.

அகரவரிசை

குறியெண் வரிசை தமிழ் அகரவரிசையன்று. இஸ்கியில் வடமொழி எழுத்துகளுக்கு ஒப்ப இடம்பெற்றமையால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்திற்குப் பின்னும், வகரம் அவற்றிற்கும் பின்னும் நிற்கின்றன. அலை, அவை, அழகு, அளவு, அறம், அனல் என நாம் நிறுத்தும் ஆறு சொற்களைக் கணினி அனல், அறம், அலை, அளவு, அழகு, அவை என நிறுத்தும். தொல்காப்பியனார் வகுத்த முப்பது எழுத்தின் இறுதியில் நிற்கும் னகரம் இடையிற் புகுந்துவிடுகின்றது. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பிற்பட்டதாகலின் 'அக்கா' என்பது 'அகம்' முதலாகிய யாவற்றிற்கும் பின்னே தள்ளப்படும். அகராதி வழக்கிலோ மெய் உயிர்மெய்க்கு முற்பட்டது.

ஸ்பார்க்கும் டெல்ட்டாவும் இயல்பாகக் குறியெண் வரிசையையே கொள்வன. யூனிகோடு அமைப்பு மொழிதோறும் தொகுத்துள்ள வரிசைவிதிகளில் தமிழ் விதியும் உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2017 முதல் அவ்விதி நூலகத்தை ஏற்றுள்ளது. எனினும் தளத்திற்குத் தளம் ஆதரவு வேறுபடுதலின், வரிசைச் சாவி என ஒரு நிரலைச் சொல்லடைவு அட்டவணையிலேயே சேர்த்துவிடுதல் யாம் மேற்கொள்ளும் முறை. ஒவ்வோர் எழுத்துக்கும் அகரவரிசைப்படி ஓர் எண் தந்து, சொல்லை எண்கோவையாக மாற்றி அந்நிரலில் வைத்தால், எக்களத்திற்குப் பெயர்த்தாலும் வரிசை குலையாது. ஆய்தத்திற்கும் கிரந்த எழுத்துகளுக்கும் எவ்விடம் என்பதையும் அங்கே வெளிப்படத் துணிந்து எழுதலாம். அதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பின் சாவியை மாற்றினாற் போதும், சொல்லைத் தொடவேண்டா.

உரிமையும் செலவும்

களத்தில் ஏற்றத்தக்கது எது என்பதும் தொடக்கத்தில் எண்ணவேண்டியது. இந்தியச் சட்டப்படி நூலாசிரியர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை நிற்கும். 1942-இல் மறைந்த உ. வே. சா. அவர்களின் முன்னுரையும் குறிப்புகளும் 2003 முதற் பொதுவாயின. அண்மைக்காலப் பதிப்பாசிரியரின் உரை அவ்வாறன்று. பழைய பாடலும் புதிய உரையும் ஒரே கோப்பிற் கலந்து கிடப்பின் இரண்டனையும் பிரித்து, உரைக்குத் தனி உரிமை வரையறுக்கவேண்டும். வட்டார வழக்காய்வின் ஒலிப்பதிவுகளில் மக்கள் தம் பெயரும் ஊரும் குடும்பச் செய்தியும் கூறியிருப்பர். 2023-இல் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுக் காப்புச் சட்டத்தின் முன்னிலையில் மட்டுமன்று, நம்மை நம்பிப் பேசியோர் முன்னிலையிலும் நாம் விடைகூறக் கடமைப்பட்டவர். அவை தனித் தொகுப்பில், பெயர் நீக்கிய படியாக மட்டுமே மாணவர் கைக்குச் செல்லவேண்டும்.

செலவு பற்றிச் சில சொற்கள் போதும். சேமிப்பிற்கு ஆகும் செலவு நம் அளவிற்குச் சிறிது. கணினிக் குழு விழித்திருக்கும் நேரத்திற்கே பெரும்பொருள் செல்லும். கணக்கு ஒன்றும் செய்யாது விழித்திருந்தாலும் செலவு உண்டு. சிறிது நேரம் வேலையின்றி இருப்பின் தானே அணையுமாறு முதலிலேயே அமைத்துவிடுக. செலவு வரம்பைக் கடந்தால் மடல் வரும் ஏற்பாடும் உண்டு. அம்மடல் அறிவிக்குமேயன்றிச் செலவைத் தானாக நிறுத்தாது என்பதைப் பலர் பட்டறிவால் உணர்ந்துள்ளனர். பயிற்சி பெற விரும்பும் மாணவர்க்கு டேட்டாபிரிக்ஸ் 2025-இல் தொடங்கிய கட்டணமில்லாப் பதிப்புப் போதுமானது. வணிகத்திற்கன்றிக் கற்பதற்கென வரம்பிட்டுத் தரப்படுவது அது.

இவையெல்லாம் அமைந்தபின், மாணவர்க்குக் களத்தைத் திறந்துவிடுமுன் ஒரு சோதனை செய்க. பத்துப் பாடல்களைத் தேர்ந்து, பழைய முறைப்படி அட்டையில் கையால் சொல்லடைவு எழுதுக. ஒகரமும் ஔகாரமும் ஆய்தமும் வரும் பாடல்கள் அவற்றுள் இருத்தல் வேண்டும். பின்னர்க் களத்திலிருந்து அப்பத்துப் பாடலின் சொல்லடைவை எடுத்து அட்டையோடு ஒப்பிடுக. எண்ணிக்கையோ வரிசையோ ஓரிடத்தில் மாறினும், அம்மாற்றத்தின் காரணம் விளங்கும்வரை களத்தைத் திறவாதிருக்க. கையெழுத்து அட்டைகளையும் எறிந்துவிடலாகாது. கருவிகள் புதுப்பிக்கப்படுந்தோறும் இச்சோதனையை மீண்டும் செய்ய அவை வேண்டப்படும்.